கரு டியூபில் இல்லையென்றால் எங்கே? சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

பி.ஹெச்.சி.யிலோ தாலுகா ஆஸ்பத்திரியிலோ புதிதாக டியூட்டியில் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும் லேபர் வார்டு நர்ஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். இடம் மாறிய கர்ப்பம் (கர்ப்பப்பையின் உட்குழிக்கு வெளியே கரு தங்குவது) என்றதும் எல்லோருக்கும் கருக்குழாய்தான் நினைவுக்கு வரும், அது சரிதான், நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அங்கேதான் தங்குகிறது. நம்மை ஏமாற்றுவது மிச்சமிருக்கும் சிலதுதான்: குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழையும் இடம், பழைய சிசேரியன் தழும்பு, கர்ப்பப்பை வாய், சினைப்பை, வளராத கொம்பு (பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த கர்ப்பப்பையில் முழுதாக வளராமல் நின்ற பக்கம்), அப்புறம் வயிற்றுக்குள் குடலோடு குடலாக. இவற்றுக்கெல்லாம் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் உங்களால் உயிரைக் காப்பாற்ற முடியும், ஆனால் இரண்டு விஷயத்தில் தவறக் கூடாது. உள்ளே ரத்தம் கசிகிறதா என்பதை முதலில் பாருங்கள். கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கர்ப்பப்பைக்குள் எந்தக் கருவியையும் விடாதீர்கள்.

முதலில் யூரின் டெஸ்ட், யாராக இருந்தாலும்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு முப்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். வாந்தி, வயிற்றுப்போக்கு. மதியம் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவர் சொன்னார், நானும் அப்படியே எழுதி டிரிப் போட்டேன். மூன்றாவது முறை கழிவறைக்குப் போனவர் அங்கேயே மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு வந்த ஸ்டாஃப் நர்ஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "மேடம், வயித்துப்போக்குன்னா நாக்கு வறண்டிருக்கும். இவங்களுக்கு நாக்கு வெளுத்திருக்கு." ஆறு வருடத்துக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர் என்பதால் கர்ப்பம் என்ற எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. யூரின் டெஸ்டில் இரண்டு கோடு. வயிற்றைத் திறந்தபோது இரண்டு லிட்டருக்கும் மேல் ரத்தம், குழாய் கர்ப்பப்பையோடு சேரும் மூலையில் வெடித்திருந்தது. பிழைத்துக்கொண்டார். அந்த நர்ஸ் இல்லையென்றால் பிழைத்திருக்க மாட்டார்.

அடிவயிற்றில் தேங்கும் ரத்தம் மலக்குடலை உறுத்துவதால் திரும்பத் திரும்ப மலம் கழிக்க வேண்டும்போல் இருக்கும். அதே ரத்தம் உதரவிதானத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தால் தோள்பட்டை நுனி வலிக்கும், படுத்தால் இன்னும் அதிகமாகும். ஆகவே வயிற்றுவலி, மயக்கம், வாந்தி, பேதி என்று எதைச் சொல்லி வந்தாலும், பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண் என்றால் டெஸ்ட் கார்டு எடுங்கள். கல்யாணம் ஆகாதவர், ஆபரேஷன் ஆனவர், காப்பர் டி போட்டவர், பால் கொடுப்பவர் எல்லோரும் இதில் சேர்த்திதான். ஆபரேஷனும் காப்பர் டியும் கர்ப்பத்தைக் குறைக்கின்றன, ஆனால் அதையும் மீறித் தங்கினால் அது இடம் மாறித் தங்கியிருக்க வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கோடு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். நிறைய டிரிப் ஏறிய பிறகு வரும் யூரின் நீர்த்திருக்கும், அதில் நெகட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி கேட்கும்போது மாமியாரையும் கணவரையும் இரண்டு நிமிடம் வெளியே அனுப்புங்கள். "கடைசியா தலைக்குக் குளிச்சது எப்போ?" என்று மட்டும் கேட்டால் போதாது, அது வழக்கம்போல இருந்ததா, அளவு குறைந்ததா, கறுப்பாகச் சொட்டுச்சொட்டாகப் பட்டதா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் இடம் மாறிய கர்ப்பத்தின் கசிவையே பலர் மாதவிலக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். அடுத்த கேள்வி, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீர்களா என்பது. இப்போது நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஸ்கேன் எடுக்காமல் கருக்கலைப்பு மாத்திரை போடுகிறார்கள், கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கும் கருவை அந்த மாத்திரை கலைக்காது, ஆனால் கொஞ்சம் ரத்தம் படும், வயிறு வலிக்கும், மாத்திரை வேலை செய்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இவற்றோடு சிசேரியன், குழந்தையின்மைச் சிகிச்சை, முன்பு இதேபோல் நடந்தது, அடிவயிற்றில் தொற்று, டிபி என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதுங்கள்.

பிபி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள்

இளம் உடம்பு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். உடம்பிலுள்ள ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும்வரைகூட பிபி இறங்காமல் இருந்து, அப்புறம் ஒரேயடியாகச் சரியும். அதனால் நாடித்துடிப்பை மேல் பிபியால் வகுத்துப் பாருங்கள், 0.9-க்கு மேல் போனால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாடி 110, பிபி 110 என்று கேஸ் ஷீட்டில் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும், வகுத்தால் 1 வருகிறது. சிலருக்கு வயிறு நிறைய ரத்தம் இருந்தும் நாடி வேகமெடுக்காது, ஆகவே வெளிறிய முகம், குளிர்ந்த கை, படபடப்பு, கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதிப்பது இவற்றை எண்களைவிட அதிகமாக நம்புங்கள். ஹீமோகுளோபினும் முதல் ஓரிரு மணி நேரம் ஏமாற்றும்.

ஸ்கேன்: வயிற்றில் ரத்தம் முதலில், கரு இரண்டாவது

ப்ரோபைக் கையில் எடுத்ததும் நேராகக் கர்ப்பப்பைக்குப் போகாதீர்கள். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். யூரின் டெஸ்ட் பாசிட்டிவ், அங்கே திரவம், நாடி வேகம், இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் ஸ்கேன் வேலை முடிந்தது, அந்தப் பெண்ணுக்குத் தேவை ஆபரேஷன் தியேட்டர். கரு எந்த இடத்தில் என்பதை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் மெஷினே இல்லாத இடத்தில் பழைய முறை இன்னும் கைகொடுக்கும். 18 நம்பர் ஊசியோடு 20 மி.லி. சிரிஞ்சில், கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்திலிருந்து யோனி வழியாகவோ, வயிறு உப்பியிருந்தால் பக்கவாட்டிலிருந்தோ உறிஞ்சிப் பாருங்கள். வரும் ரத்தத்தை மருந்து எதுவும் இல்லாத கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஐந்தாறு நிமிடம் மேஜைமேல் வையுங்கள், பிறகு சாய்த்துப் பாருங்கள். உறையாமல் தண்ணீர்போல் ஓடினால் அது வயிற்றுக்குள் தேங்கியிருந்த ரத்தம், உறைந்தால் ஊசி ஏதோ ரத்தக்குழாயில் பட்டிருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது.

நோயாளி நிதானமாக இருந்தால்தான் கருவைத் தேடும் வேலை. கர்ப்பப்பைக்குள் ஒரு பை தெரிகிறது என்றதும் ப்ரோபைக் கீழே வைத்துவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அந்தப் பைக்குள் மஞ்சள்கருப் பையோ சிசுவோ இருக்கிறதா? இடம் மாறிய கர்ப்பத்திலும் கர்ப்பப்பையின் நடுவில் வெறும் திரவம் தேங்கிப் பைபோலக் காட்டும். அது உண்மையான பை என்றால், சுற்றிலும் எல்லாப் பக்கமும் தசை தடிமனாக இருக்கிறதா? மேலே மூலையில் ஒதுங்கி, ஒரு பக்கத் தசை 5 மி.மீ.க்கும் குறைவாக மெலிந்திருந்தால் குழாய் நுழையும் இடத்துக் கர்ப்பம் என்று சந்தேகப்படுங்கள். சுற்றித் தசை இருப்பதால் இது மற்ற குழாய்க் கர்ப்பங்களைவிடத் தாமதமாக, சில சமயம் மூன்று மாதம் தாண்டிக்கூட வெடிக்கும். கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் போகும் ரத்தக்குழாய்கள் சந்திக்கும் இடம் அது, வெடித்தால் தண்ணீர்க் குழாயைத் திறந்ததுபோல் ரத்தம் கொட்டும்.

குழந்தையின்மைச் சிகிச்சை எடுத்தவர் என்றால் உள்ளே நல்ல கர்ப்பம் தெரிந்தாலும் சினைப்பைப் பக்கமும் பாருங்கள். இயற்கையாகத் தங்கும் கர்ப்பத்தில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்பது சுமார் 30,000-ல் ஒன்று என்பார்கள், ஐ.வி.எஃப். செய்தவர்களில் அது பலமடங்கு அதிகம்.

சிசேரியன் தழும்பு: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதாவது உங்கள் ஓ.பி.யில் இரண்டாம் கர்ப்பத்துக்கு வந்து நிற்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையில் தழும்பு இருக்கும். தழும்பில் கரு பதிவது அரிது, ஆனால் நம் ஊரில் அது பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் அரிது அல்ல. இந்த வகையை முதன்முதலாக 1978-ல் தென்னாப்பிரிக்காவில் எழுதிவைத்தார்கள், அதுவே கருச்சிதைவுக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்குக்குக் காரணம் என்றுதான் பதிவானது. இன்றும் அதே வழியில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்: ஆறேழு வாரம், லேசான ரத்தம், ஸ்கேனில் பை கீழே இறங்கியிருக்கிறது, "கலைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது, சுத்தம் செய்துவிடலாம்" என்று டி அண்ட் சி, அதாவது உள்ளே சுரண்டி எடுப்பது. சுரண்டும் கருவியான கியூரட் தழும்பில் பட்டதும் நிற்காத ரத்தம், சில நிமிடத்தில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலை.

ஸ்கேனில் பார்க்க வேண்டியது இதுதான். கர்ப்பப்பையின் உட்குழியும் காலி, வாயின் பாதையும் காலி, பை இரண்டுக்கும் நடுவில் முன்பக்கச் சுவரில் தழும்பு இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அதற்கும் மூத்திரப்பைக்கும் இடையிலுள்ள தசை காகிதம்போல் மெலிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. மூத்திரப்பை கொஞ்சம் நிரம்பியிருந்தால் இது நன்றாகத் தெரியும். கலைந்து இறங்குகிற கருவை ப்ரோபால் லேசாக அழுத்தினால் வழுக்கி நகரும், பதிந்த கரு நகராது. ஆறு வாரத்தில் தெளிவாகத் தெரியும் இந்தப் படம் கரு வளர வளர மறைந்துவிடும், பை மேலே குழிக்குள் விரிந்து சாதாரணக் கர்ப்பம்போலக் காட்டும். அதனால் சிசேரியன் ஆனவர் அடுத்து நாள் தள்ளியதாகச் சொன்னால் ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன் எழுதுங்கள், பன்னிரண்டு வாரம் வரட்டும் என்று விடாதீர்கள். சந்தேகம் வந்துவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது மட்டும்தான். கரு வளர்வதை நிறுத்தத் தசையில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியை மட்டும் நம்பி இதை விடக் கூடாது, காத்திருந்து பார்ப்பதும் கூடாது.

கர்ப்பப்பை வாயில் பதிந்த கருவும் இதேபோல் ஏமாற்றும். வாய் பீப்பாய்போல் உப்பி, கர்ப்பப்பை மணல்கடிகார வடிவில் தெரியும், வலியே இல்லாமல் ரத்தம் வரும். தெரியாமல் சுத்தம் செய்யப் போய்க் கொட்ட ஆரம்பித்துவிட்டால் பதற்றத்தில் மேலும் சுரண்டாதீர்கள். ஃபோலி கதீட்டரை (நுனியில் பலூன் உள்ள மூத்திரக் குழாய்) கர்ப்பப்பை வாய்க்குள் விட்டு பலூனில் 30 மி.லி. வரை தண்ணீர் ஏற்றி அழுத்துங்கள், யோனியில் இறுக்கமாகத் துணி அடையுங்கள், கை பழகியவர் இருந்தால் வாயின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில், தையல் போட்டு ரத்தக்குழாயைக் கட்டலாம். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை இது தாங்கும்.

சினைப்பைக் கர்ப்பத்தைத் திறந்து பார்த்தாலும் ரத்தக்கட்டி வெடித்ததுபோலத்தான் இருக்கும், முழுச் சினைப்பையையும் எடுக்காமல் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் தைத்து, எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். வளராத கொம்பில் தங்கியது நான்கைந்து மாதத்தில் வெடிக்கும், கொம்பை எடுத்தபின் சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அந்தப் பக்கச் சிறுநீரகம் பிறவியிலேயே இல்லாமல் இருக்கக்கூடும்.

வலியே வராத பிரசவம்

வயிற்றுக்குள் வளரும் கர்ப்பம் ஏழெட்டு மாதம்வரை போய்விடும், முறையான ஸ்கேன் கிடைக்காத ஊர்களில்தான் அது அவ்வளவு தூரம் போகிறது. ஏழாம் மாதம் குழந்தை இறந்துவிட்டது என்று பிரசவ வலி வர மருந்து வைத்து, இரண்டு நாளாகியும் கர்ப்பப்பை சுருங்கவேயில்லை என்று எங்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழந்தை அசைந்தபோதெல்லாம் உயிர்போகிற மாதிரி வலித்தது என்று அந்தப் பெண் ஒவ்வொரு செக்கப்பிலும் சொல்லியிருக்கிறார், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கையை வைத்தால் குழந்தையின் முழங்காலும் முதுகும் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டன. ஸ்கேனில் மூத்திரப்பைக்கும் குழந்தைக்கும் நடுவில் கர்ப்பப்பைத் தசையே இல்லை, கர்ப்பப்பை தனியாகக் கீழே காலியாகக் கிடந்தது.

ஆகவே மருந்து வைத்தும் வலி வரவில்லையென்றால் அடுத்த டோஸுக்கு முன் ஸ்கேன் பாருங்கள். நஞ்சுக்கொடி குடலிலும் பெரிய ரத்தக்குழாய்களிலும் ஒட்டியிருக்கும், ஆபரேஷனில் அதைப் பிய்க்கப் போனால் ரத்தம் நிற்காது. எளிதாக வரவில்லையென்றால் தொப்புள்கொடியை நஞ்சுக்கு அருகில் கட்டி வெட்டிவிட்டு அப்படியே விட்டு மூடுங்கள், அதைக் கரைக்கிறேன் என்று மெத்தோட்ரெக்ஸேட் போடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் இருபது நிமிடம்

இரண்டு கையிலும் பெரிய வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்), 16 அல்லது 18 நம்பர். அதிலிருந்தே க்ராஸ் மேட்ச்சுக்கு (ஏற்றும் ரத்தம் பொருந்துமா என்ற டெஸ்ட்) ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் டிரிப்) ஒரு லிட்டர் வேகமாக, பிறகு மேல் பிபி 80-90-ல் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தால் போதும். 120-க்கு ஏற்றிக் காட்ட வேண்டும் என்று மூன்று நான்கு பாட்டில் ஏற்றினால் ரத்தம் நீர்த்து, உறையும் தன்மை போய், உள்ளே கசிவு அதிகமாகும். போர்வை போர்த்துங்கள். வாய்வழியாக ஒன்றும் வேண்டாம். ஆன்டி ஷாக் உடை (காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடை) இருந்தால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மாட்டிவிடுங்கள், தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைக் கழற்ற வேண்டும்.

108-க்குச் சொல்லிய கையோடு சீமாங் மையத்தின் (தாய்-சேய் அவசர சிகிச்சை மையம்) டியூட்டி டாக்டருக்கு நீங்களே போன் செய்யுங்கள். "வயிற்றுவலி கேஸ் அனுப்புகிறேன், பாருங்கள்" என்று சொன்னால் அங்கே ஓ.பி. வரிசையில்தான் உட்காருவார். "யூரின் டெஸ்ட் பாசிட்டிவ், வயிற்றில் ரத்தம், நாடி 130, பிபி 80, ஓ பாசிட்டிவ், நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவோம், தியேட்டரும் ரத்தமும் வேண்டும்" என்று சொன்னால் வண்டி நிற்பதற்குள் ஆட்கள் தயாராக இருப்பார்கள். வண்டியில் ஒரு நர்ஸ் போக வேண்டும். ரத்தம் கொடுக்கக்கூடிய சொந்தக்காரர்கள் இரண்டு பேரைப் பின்னாலேயே வரச் சொல்லுங்கள்.

ஊசியா, ஆபரேஷனா

வெடிக்காத குழாய்க் கர்ப்பத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் நல்ல மருந்துதான். உடல் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 50 மி.கி. கணக்கில் தசையில் ஒரு ஊசி, நான்காம் நாளும் ஏழாம் நாளும் ரத்தத்தில் பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் அளவு, இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 15 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லையென்றால் இரண்டாவது ஊசி. அந்த ஹார்மோன் 5,000-க்குக் கீழே, சிசுவின் இதயத்துடிப்பு இல்லை, ரத்த அணுக்களும் கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றன, பால் கொடுக்கவில்லை, இதெல்லாம் பார்த்தபிறகுதான். கிராம செவிலியர் கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள், அது மருந்தை முறிக்கும்.

ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: வீடு எங்கே, ராத்திரி வலி வந்தால் எத்தனை மணி நேரத்தில் இங்கே வர முடியும், ஏழாம் நாள் டெஸ்டுக்குக் கூலி வேலையை விட்டு வருவீர்களா? மலைக்கிராமம், கடைசி பஸ் மாலை ஐந்துக்கு என்றால் ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வார்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது ஆபரேஷன் செய்துவிட வேண்டும். இதில் என் கருத்து கறாரானது.

உங்கள் தியேட்டரிலேயே திறப்பதானால், வயிற்றில் கிருமிநாசினி தடவித் துணி போர்த்தி சர்ஜன் கத்தியோடு நின்ற பிறகே மயக்க மருந்து கொடுக்க வேண்டும், மயங்கியதும் பிபி சரியும். ஷாக்கில் இருப்பவருக்கு முதுகில் ஊசி வேண்டாம், கெட்டமின் பாதுகாப்பானது. வயிற்றைத் திறந்ததும் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்காமல் நேராகக் கையை விட்டுக் கர்ப்பப்பையைப் பிடித்துத் தூக்கி, கசியும் இடத்தில் கிளாம்ப் போடுங்கள். நிதானமாகப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

ரத்த வங்கி தூரமாக இருக்கும் ஆப்பிரிக்க மாவட்ட ஆஸ்பத்திரிகளில், கானா, நைஜீரியா போன்ற நாடுகளில், வயிற்றில் தேங்கிய ரத்தத்தையே கிண்ணத்தில் மொண்டு, கிருமி நீக்கிய பல மடிப்புத் துணியில் வடிகட்டி, உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ரத்தப் பையில் சேர்த்து அவருக்கே ஏற்றிக் காப்பாற்றுகிறார்கள். வெடித்து ஒரு நாளுக்குள் இருக்க வேண்டும், நாற்றமோ குடல் காயமோ இருக்கக் கூடாது, கர்ப்பம் ஆரம்ப மாதங்களில் இருக்க வேண்டும். ஆள் கிடக்கும்போது முதன்முதலாக முயன்று பார்க்கும் காரியம் இல்லை இது, உங்கள் சீஃபோடு முன்கூட்டியே பேசி எழுதிவைத்து, பையும் துணியும் தியேட்டரில் ஒரே பெட்டியில் இருந்தால்தான் முடியும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

நெகட்டிவ் குரூப் என்றால் ஆன்டி டி ஊசி. மெத்தோட்ரெக்ஸேட் போட்டிருந்தால் மூன்று மாதம் கர்ப்பம் கூடாது. மூலையிலோ தழும்பிலோ ஆபரேஷன் ஆகியிருந்தால் அடுத்த பிரசவத்தை எங்கே, எப்படி என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

"குழந்தையை எடுத்து உள்ளே வைத்திருக்க முடியாதா?" என்று அநேகமாக எல்லோருமே கேட்பார்கள், சிலர் வாய்விட்டு, சிலர் கண்ணால். முடியாது, அப்படி ஒரு சிகிச்சை கிடையாது, நீங்கள் கனமான குடத்தைத் தூக்கியதாலோ பைக்கில் போனதாலோ இது வரவில்லை என்று மாமியாரும் கேட்கும்படி சொல்லுங்கள். பிறகு டிஸ்சார்ஜ் அட்டையின் பின்பக்கம் தமிழில், பெரிய எழுத்தில், உங்கள் கையாலேயே எழுதுங்கள்: "அடுத்து நாள் தள்ளினால், கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன். ஸ்கேன் பார்க்காமல் மாத்திரையும் வேண்டாம், சுத்தம் செய்வதும் வேண்டாம்." அட்டையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, ஒரு முறை அவரையே படித்துக்காட்டச் சொல்லுங்கள்.